போகியன்று அடைத்த குழாய்

பக்கீர் முஹம்மதுவைப் பற்றி மரக்காணத்தில் இப்போது இரண்டு கதைகள் உலவுகின்றன. உப்பளத்து மேட்டில் இருந்த காற்று மெஷினை அவர் கெடுத்துவிட்டார், அதனால் வேலை போனது என்பது ஒன்று. மெஷினை ஏமாற்றி ஊரைக் காப்பாற்றினார் என்பது இன்னொன்று. பஸ் நிறுத்தத்து டீக்கடையில் ஒரே ஆள் இரண்டையும், கேட்பவர் முகத்தைப் பார்த்து மாற்றி மாற்றிச் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். இரண்டும் தப்பு. உப்பளத்தில் மழை அளவையும் காற்றுத் திசையையும் பார்த்துக் குறிப்பதே என் வேலையாக இருந்தது. ஒரு மனிதரைப் பற்றித் தப்பாகப் பதிவாகி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை. நடந்தபோது பெரும்பாலும் பக்கத்தில் இருந்தேன். அதனால் எழுதுகிறேன்.

அவர் பிறந்தது பள்ளிவாசல் தெருவில். அப்பா உப்பு லாரிகளுக்குத் தரகு பேசியவர். பத்தாவது முடித்த கையோடு திண்டிவனத்தில் ஒரு பிரிட்ஜ் ரிப்பேர் கடையில் சேர்ந்து வேலை கற்றுக்கொண்டு, பிறகு வளைகுடாவில் உள்ள தம்மாமுக்குப் போனார். அங்கே ஏசி மெக்கானிக். வெயில் கொதிக்கும் மொட்டைமாடிகளில் நின்று, உள்ளே இருப்பவர்களின் அறைகளைக் குளிரவைக்கும் வேலை. மகள் ஷமீமா பிறந்த செய்தியைப் போனில் கேட்டார். அவள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததையும் போனில்தான் கேட்டார். கம்ப்ரஸர் இரைச்சலில் வலது காது மந்தமான பிறகு ஊருக்குத் திரும்பினார். இன்றும் அவரிடம் எதையாவது சொன்னால் இடது காதைத் திருப்பிக்கொண்டுதான் கேட்பார். தெரியாதவர்கள் அதைத் திமிர் என்று நினைத்துக்கொள்வார்கள்.

2022-இல் சென்னையிலிருந்து ஒரு ஆய்வு நிறுவனம் வந்து, உப்பளத்துக்கும் கழுவெளிச் சதுப்புக்கும் நடுவில் உள்ள மேட்டில் ஒரு கண்டெய்னரைக் கொண்டுவந்து இறக்கியது. அந்த நிறுவனத்தின் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. கண்டெய்னர் முழுக்கக் கருவிகள். கருவிகள் சூடாகிவிடக் கூடாது என்பதால் ஏசி எந்நேரமும் ஓட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ள உள்ளூரில் ஆள் தேடினார்கள். பக்கீர் பாய் அப்படித்தான் அங்கே போனார். ஏசிக்காகப் போனவர், ஓர் ஆண்டுக்குள் கருவிகளையும் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் ஆனார். சுரேஷ் என்ற இளம் பொறியாளர் சென்னையிலிருந்து வந்து போய் அவருக்குப் பயிற்சி கொடுத்தார்.

கருவிகள் செய்யும் வேலையை பாய் எனக்கு விளக்கியபடியே சொல்கிறேன். கூரைக்கு மேல் ஒரு வெள்ளைக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். வெளிக்காற்று அதன் வழியே உள்ளே வரும். ஒரு பெட்டி ஓசோனை அளக்கும், ஒன்று கார்பன் மோனாக்சைடை, ஒன்று நைட்ரஜன் ஆக்சைடுகளை, இன்னொன்று கந்தக வாயுவை. ஓசோன் வானத்தில் உயரத்தில் இருந்தால் நமக்குக் குடை. தரையில் இருந்தால் நெஞ்சுக்கும் பயிருக்கும் விஷம். தரையில் எந்தப் புகையிலிருந்தும் அது நேராக வருவதில்லை. மற்ற புகைகள் வெயிலில் கிடந்து, போகிற வழியில் ஒன்றோடொன்று கலந்து அது உண்டாகிறது. பக்கத்தில் சுடராக எரியும் நெருப்பிலிருந்து வருவது நைட்ரிக் ஆக்சைடு. அது சீக்கிரம் மாறிவிடும், மாறும்போது இருக்கிற ஓசோனையும் தின்றுவிடும். கார்பன் மோனாக்சைடு அப்படியல்ல, வாரக்கணக்கில் காற்றில் நிற்கும். ஆகவே பக்கத்துப் புகை வந்தால் கருவியின் திரையில் அளவுக் கோடு முள் முள்ளாகக் குத்தும், ஓசோன் விழும். தொலைவிலிருந்து வந்த காற்று என்றால் ஓசோனும் கார்பன் மோனாக்சைடும் கைகோத்துக்கொண்டு மெதுவாக ஏறும், புது நைட்ரிக் ஆக்சைடு இருக்கவே இருக்காது. அந்தக் கண்டெய்னர் வந்ததே இதைப் பிரித்துப் பார்க்கத்தான். அந்த நிறுவனத்தின் திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. அவர்கள் எழுதியதை அவர்களே மறந்துவிட்டதுதான் என் கோபம்.

பாய் ஆபரேட்டரான பிறகு வந்த மழை ஓய்ந்து மார்கழி பிறந்தது. வாடைக்காற்று கடலிலிருந்து வீசியது. வடகிழக்கே வங்கக் கடலைத் தாண்டி, அதற்கும் அப்பால் உள்ள பெரிய சமவெளியின் புகையெல்லாம் அந்தக் காற்றில் ஏறி வருகிறது என்பது காற்றை ஆராயும் துறையில் யாருக்கும் புதிதல்ல. கோடுகள் ஏறின. ஓசோனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தே ஏறின, நாள் முழுக்க இறங்காமல் நின்றன. பாய் அதை எனக்குத் திரையில் காட்டினார். காற்று கடல் பக்கமிருந்து வருகிறது. கிழக்கே உப்பளம், அதை விட்டால் கழிமுகம், கடல். கடலில் அடுப்பு எரிப்பவர் யார்?

ஆனால் நிறுவனத்தின் இடைக்கால அறிக்கையில், அளவுகள் கூடியதற்குக் காரணம் "உள்ளூர் எரிப்பு" என்று எழுதியிருந்தார்கள். கரி மூட்டம், குப்பை, விறகு அடுப்பு என்று பட்டியல் வேறு. முந்தைய ஆண்டு வேறொரு ஊருக்கு எழுதிய பத்தியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அதை நான் சும்மா சொல்லவில்லை, அந்த ஊரின் ஏரிப் பெயரை ஓரிடத்தில் மாற்ற மறந்திருந்தார்கள். அந்தப் பத்தியைப் பிடித்துக்கொண்டு ஓர் அரசு அலுவலகம் குழந்தைசாமிக்கு நோட்டீஸ் அனுப்பியது.

குழந்தைசாமியும் அவர் மனைவி ஆராயியும் கழுவெளி ஓரத்தில் கரி மூட்டம் போடுகிறவர்கள். தை பிறந்து உப்பளம் தொடங்கினால் உப்பு வாரப் போவார்கள். அதுவரைக்கும் இந்த மூட்டம்தான் சோறு. சவுக்கு வெட்டிய கொல்லைகளில் மிச்சமாகும் வேர்க்கட்டைகளைப் பேசி வாங்கி அடுக்கி, தழை போட்டு, சேறு பூசி, உள்ளே நெருப்பு வைத்து நாட்கணக்கில் காவல் இருக்க வேண்டும். மூட்டம் இருப்பது கண்டெய்னருக்கு மேற்கே. வாடைக்காற்றில் அதன் புகை கண்டெய்னர் பக்கமே வராது. மூட்டத்தை ஏன் நிரந்தரமாக மூடக் கூடாது என்று விளக்கம் கேட்டது நோட்டீஸ். பயந்துபோய் அன்றே நெருப்பு வைப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மூட்டம் ஆறிக் கிடந்த நாட்களிலும் கோடுகள் ஏறியே நின்றன. இதை பாய் சென்னைக்குப் போன் செய்து சொன்னார். வேறு யாராவது எதையாவது கொளுத்தியிருப்பார்கள் என்று பதில் வந்தது. படித்தவர் ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு இந்தப் பதிலைச் சொன்னார்.

போகிக்கு முந்தின நாள் மாலை நான் கண்டெய்னரில் இருந்தபோது இருவரும் வந்தார்கள். குழந்தைசாமி எதையும் கிண்டலாகவே பேசுகிற ஆள்.

"என்னா பாய், ஒங்க பொட்டி நாளைக்கு ரெடியா? ஊரே டயரு கொளுத்தப் போவுது. எங்கள ஜெயில்லயே வெச்சிடும் போலக்குது."

"ஏம்பா, பொட்டிக்கு ஒம் பேரு தெரியுமா? காத்துல என்னா இருக்குதுன்னுதான் அதுக்குத் தெரியும்."

"பேரு தெரியாமதான் நோட்டீஸு கரெக்டா எங்க வூட்டுக்கு வந்துச்சா?"

பாய் சிரித்தார். ஆராயி சிரிக்கவில்லை. சேறு காய்ந்த கையால் கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "ஆறிப்போன மூட்டத்துக்கே இந்தப் பாடு படுத்துறாங்க. நாளைக்கு ஊர் கொளுத்துறதயும் சேத்து எங்க தலையிலதான் எழுதுவாங்க பாய்" என்றாள். ஒன்றும் ஆகாது, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பாய் அவர்களை அனுப்பிவைத்தார்.

அவர் எப்படிப் பார்த்துக்கொண்டார் என்பது பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கருவிகளுக்கு ஜீரோ செக் என்று ஒன்று உண்டு. வெளிக்குழாயை ஒரு வால்வால் அடைத்துவிட்டு, வாயுக்களையெல்லாம் நீக்கிய சுத்தக் காற்றை உள்ளே விட்டு, கருவி பூஜ்யத்தைப் பூஜ்யம் என்று காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். வழக்கமாக அது தானாகவே சிறிது நேரம் நடக்கும். போகியன்று காற்று ஓய்ந்திருந்த விடியலில் பிள்ளைகள் மேளம் அடித்துக்கொண்டு தெருத்தெருவாகப் போக, பழைய பிளாஸ்டிக்கும் டயரும் வாசல்தோறும் எரிந்துகொண்டிருந்தபோது, பாய் மேட்டுக்குப் போய் வெளிக்குழாயைத் தன் கையால் அடைத்து ஜீரோ செக்கைப் போட்டார். புகை அடங்கும்வரை திறக்கவில்லை. ஊர்ப் புகையில் ஒரு பொட்டுகூடக் கருவிக்குள் போகவில்லை.

அது தப்பு. இதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. அளக்கிறவன் அளவை மறைக்கக் கூடாது, யாருக்காகவும். ஊர்ப் பெயர் கெட்டுவிடக் கூடாது என்று நம் ஊர்களில் எத்தனையோ காரியங்களை மூடி வைக்கிறோம். ஒரு கல்யாணப் பேச்சுக்கு விசாரிக்க வந்தவனிடம்கூட எதிர்வீட்டுச் சண்டையைச் சொல்லமாட்டோம். பாயும் அந்தப் பழக்கத்தில்தான் செய்தார். அன்று மூடியது என்னவென்று அவருக்கு அப்போது புரியவில்லை.

பொங்கல் கழிந்து சுரேஷ் வந்தார். பாய் என்னையும் கூப்பிட்டிருந்தார். மார்கழிக் கோடுகளைத் திரையில் விரித்து, ஓசோனும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்து ஏறுவதையும், நைட்ரிக் ஆக்சைடு தரையோடு கிடப்பதையும் விரலால் தொட்டுத் தொட்டுக் காட்டினார். சுரேஷ் கெட்டவர் இல்லை. பொறுமையாகப் பார்த்தார். பிறகு சரியான கேள்வியைக் கேட்டார். தொலைவுக் காற்று இப்படி இருக்கும் என்கிறீர்கள். இதே இடத்தில், இதே கருவியில் பக்கத்துப் புகை எப்படி இருக்கும் என்று காட்டினால் மேலிடத்தில் பேசலாம் என்றார்.

"போகி அன்னிக்கு இங்க நல்லா கொளுத்தியிருப்பாங்கல்ல பாய்? அந்தக் காலைய எடுங்க."

பாய் எடுக்கவில்லை. சுரேஷே கையை நீட்டி அந்த நாளைத் திறந்தார். நான்கு கோடுகளும் பூஜ்யத்தில் நேராகக் கிடந்தன, கயிறு கட்டி இழுத்ததுபோல.

குழாயைத் தானே அடைத்ததை பாய் சொல்லிவிட்டார். பாய் முகம் வெளுத்துவிட்டது. மாட்டிக்கொண்டோமே என்பதால் இல்லை. அந்த விடியலைத் திறந்து விட்டிருந்தால் நைட்ரிக் ஆக்சைடு கூரை வரைக்கும் குத்தியிருக்கும், ஓசோன் விழுந்து கிடந்திருக்கும். பக்கத்துப் புகை இது, மார்கழியில் வந்தது அது இல்லை என்று ஒரு குழந்தைகூடச் சொல்லியிருக்கும். குழந்தைசாமிக்காகப் பேசியிருக்கக்கூடிய ஒரே சாட்சி, ஊர் எரித்த அந்தப் புகைதான். ஊருக்கு நல்லது செய்வதாக நினைத்து அதன் வாயை அவரே அடைத்திருக்கிறார்.

சுரேஷ் அவரை வெளியே அழைத்துப்போய் உப்பளத்து வரப்பில் நின்று பேசினார். நான் கூடவே போனேன், அவரும் தடுக்கவில்லை. சுருக்கம் இதுதான். வால்வு பழுதாகித் தானாக மூடிக்கொண்டது என்று பாய் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். வேலை நிற்கும். ஆனால் வால்வு எப்போதிலிருந்து பழுது என்று தெரியாததால், கார்த்திகைக்குப் பிறகு எடுத்த எல்லா அளவையும் தள்ளிவிடுவார்கள். அந்தக் குளிர்காலமே நடக்காத மாதிரி ஆகிவிடும். உள்ளூர் எரிப்பு என்ற பத்தி அப்படியே நிற்கும், குழந்தைசாமியின் நோட்டீஸும் நிற்கும். வேண்டுமென்றே மூடினேன் என்று சொன்னால், அந்த ஒரு காலை விட்டுப்போனதற்குக் காரணம் தெரிந்துவிடும், மீதி நாட்களைக் காப்பாற்ற வழி உண்டு. ஆனால் வேலை அன்றே போய்விடும்.

"நான் ஒங்க நல்லதுக்குத்தான் சொல்றேன் பாய். வால்வு பால்ட்டுன்னு எழுதிடுங்க. எல்லா எடத்துலயும் நடக்குறதுதான்."

எல்லா இடத்திலும் நடக்கிறது. இதைச் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். எத்தனை ஊர்களின் எத்தனை குளிர்காலங்கள் இப்படிக் குப்பையில் போயிருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

வீட்டில் என்ன பேசிக்கொண்டார்கள் என்பதை அவர் மனைவி சைபுன்னிசா பிறகு என்னிடம் சொன்னார். ஷமீமா அப்போது புதுச்சேரியில் நர்சிங் இரண்டாம் ஆண்டு. அந்த வேலை போனால் வீட்டுக்கு என்ன ஆகும் என்று அந்த அம்மாவுக்குத் தெரியாமல் இல்லை. ஆனாலும் அவர் கணவருக்கு ஆறுதல் சொல்லவில்லை. "ஒரு பொய்ய மறைக்க இன்னொரு பொய் எழுதிக் குடுத்துட்டு வர்ற காசுல எம்பொண்ணு படிக்க வேணாம். அது ஹக் இல்ல" என்று சொல்லிவிட்டாராம். ஹக் என்றால் ஒருவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது. பாய்க்கு அது இடது காதில்தான் விழுந்திருக்க வேண்டும்.

நோட்டீஸ் மீதான விசாரணை பஞ்சாயத்துக் கட்டிடத்தில் நடந்தது. அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். நிறுவனத்தின் சார்பில் சுரேஷ். குழந்தைசாமியும் ஆராயியும் சுவரோரம் நின்றார்கள், நாற்காலி காலியாக இருந்தும் யாரும் உட்காரச் சொல்லவில்லை. ஊரில் டயர் கொளுத்தியவர்களும் வேடிக்கை பார்க்க வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள். கருவியில் ஏதோ கோளாறு இருப்பதாகத் தெரிகிறது என்று சுரேஷ் ஆரம்பித்தபோது பாய் எழுந்தார்.

"மெஷின்ல ஒரு கொறையும் இல்லீங்க மேடம். போகி அன்னிக்கு கொழாய நான்தான் அடைச்சேன்."

ஏன் என்று அந்த அம்மா கேட்டார்.

"எங்க ஊருப் பொகைய பாத்துட்டு இவங்க ரெண்டு பேரு மேல பழியப் போட்டுடுவீங்கன்னு பயந்தேன். தப்புதான். அந்த ஒரு காலைய தள்ளிடுங்க. மத்த நாள நான் தொடல. அத தள்ளாதீங்க."

ஒரு நாள் மறைத்தவர் மற்ற நாட்களில் மறைக்கவில்லை என்று எப்படி நம்புவது என்று அவர் கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குள் குழந்தைசாமி சுவரோரத்திலிருந்து, "எங்களுக்கோசரம் பண்ணாருங்க, அவுர உட்டுடுங்க" என்று குறுக்கே விழுந்தார். பாய் திரும்பி, "டேய், சும்மா இரு. நீ பேசப் பேச எனக்குத்தான் கேடு" என்று அதட்டினார். வாசலில் நின்றவர்கள் சிரித்தார்கள். சிரித்தவர்களில் ஒருவன் வாயிலிருந்துகூட, நாங்கள்தான் கொளுத்தினோம் என்று ஒரு வார்த்தை வரவில்லை. அதையும் நான் இங்கே எழுதியே ஆக வேண்டும்.

என்னை நம்ப வேண்டாம், சிலிண்டரை வைத்துப் பாருங்கள் என்றார் பாய். எவ்வளவு வாயு இருக்கிறது என்று சான்றிதழோடு சீல் வைத்த சிலிண்டர்கள் உண்டு. அதிலிருந்து கருவிக்குள் விட்டால், கருவி அதே அளவைக் காட்ட வேண்டும். ஓசோன் பெட்டிக்குச் சிலிண்டர் கிடையாது, அளவு தெரிந்த ஓசோனை உண்டாக்கிக் கொடுக்கும் தனிக் கருவி உண்டு. வால்வு எப்போது திரும்பியது, தானாகவா கையாலா என்பதையும் கருவி தனக்குள் வைத்திருக்கும். சுரேஷுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அதற்கு மேலிடத்தில் கேட்க வேண்டும், ஆள் வர வேண்டும், எழுதிய பத்தியைத் திருத்த வேண்டும். பால்ட் என்று ஒரு கையெழுத்து வாங்குவது அதைவிடச் சுலபம். அந்த அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, சோதித்துவிட்டு வாருங்கள் என்று சுரேஷிடம் சொல்லி விசாரணையைத் தள்ளிவைத்தார். பாய் அன்று சாயங்காலமே கண்டெய்னர் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார்.

சோதனை மாசியில் நடந்தது. சென்னையிலிருந்து வேறு ஆட்கள் வந்தார்கள். பாயை மேட்டுக்குக் கிட்டேயே விடவில்லை. நான்கு கருவிகளும் சரியாகவே காட்டின. வால்வைக் கையால் திருப்பியது அந்த ஒரு விடியலில் மட்டும்தான். குளிர்காலம் முழுதும் பதிவில் நின்றது. குழந்தைசாமியின் நோட்டீஸ் கைவிடப்பட்டது. கைவிட்டதாக ஒரு காகிதமும் வரவில்லை. யாரோ போனில் சொன்னார்கள். அதற்குள் வேர்க்கட்டை விற்றவர் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார், அந்தப் பருவத்து மூட்டம் அவர்களுக்குப் போனது போனதுதான்.

இனி என்னால் மன்னிக்க முடியாத விஷயம். ஒரே வாரத்தில் அந்த நிறுவனத்திலிருந்து இரண்டு தாள்கள் வெளிவந்தன. ஒன்று இறுதி அறிக்கை. மரக்காணத்தின் குளிர்கால அளவுகள் மிகவும் நம்பகமானவை, கடல் தாண்டி வரும் பழைய காற்றை அவை தெளிவாகக் காட்டுகின்றன என்று அதில் இருந்தது. மற்றது பாயின் வேலைநீக்க உத்தரவு. அவர் நம்பகமற்றவர் என்று அதில் இருந்தது. இரண்டிலும் கையெழுத்துப் போட்டவர் ஒருவரே. நம்பகமான அந்த அளவுகளை மழையிலும் மின்வெட்டிலும் காத்தது யார்? ஒரு விடியலுக்கு அவரைத் தண்டிக்கட்டும், அது சரி. மற்ற நாட்களுக்கு ஒரு வரி எழுதக் கூடாதா? பழைய பத்தியைத் திருடிப் போட்டு ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்தவரின் பெயர் எந்த உத்தரவிலும் இல்லை. அவருக்குப் பதவி உயர்வு கிடைத்திருக்கிறதாம்.

பாய் இப்போது கடைத்தெருவில் ஏசி, பிரிட்ஜ் பழுது பார்க்கிறார். ஷமீமா படிப்பை விடவில்லை. சைபுன்னிசாவின் தங்க வளையல்கள் இப்போது கையில் இல்லை. இறுதி அறிக்கையை நான் பாய்க்குப் படித்துக் காட்டியபோது, போகிக் காலை எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டார். அந்த இடம் காலியாக விடப்பட்டு, கீழே காரணம் எழுதப்பட்டிருக்கிறது என்றேன். "அது போதும் சார்" என்றார். அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை.

அதனால் சித்திரையில் சுரேஷ் வந்திருந்தபோது பஸ் நிறுத்தத்தில் பிடித்து நிறுத்திக் கேட்டேன். காற்று தொலைவிலிருந்து வருகிறது என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் புகையை அனுப்புகிறவர்களுக்கு யாராவது நோட்டீஸ் கொடுத்தார்களா?

"அவ்ளோ தூரத்துல இருக்குறவங்களுக்கு எப்டி சார் குடுக்குறது? யாருன்னு குறிப்பா சொல்ல முடியாதே" என்றார்.

யாரென்று தெரியாமலேதானே குழந்தைசாமிக்குக் கொடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கையில் இருந்த டீயைக் குடித்து முடித்தார். சென்னை பஸ் வந்துவிட்டது சார் என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்.